காற்றுக்குப் போன சூடு

தொட்டி கோயமுத்தூரிலிருந்து வந்தது,
மூடிப்போன ஓட்டலின் ஏலத்தில்,
மினி லாரியில் மல்லாந்தபடி.
இருபத்தாறு வருசம் தறிக்குக் குனிந்த இடுப்புக்கு
வெந்நீர்தான் மருந்து என்றார் டாக்டர்.
எத்தனை நிமிசம் என்று சொன்னார்,
எத்தனை யூனிட் என்று சொல்லவில்லை.

முதல் பில் வந்த அன்று
இவர் தொட்டியில் இறங்கவில்லை.
"வலியே தேவலை" என்றார்,
தறிச் சத்தத்துக்குப் பழகிய அதே உரத்த குரலில்.

ஆளாளுக்கு ஒரு யோசனை.
திருப்பூர் மச்சாண்டார்
பனியன் வேஸ்ட் இரண்டு மூட்டை இறக்கினார்:
"காசில்லாத கம்பளி, சுத்தித் திணிச்சுரு."
நனையாதவரை கம்பளிதான்.
ஒரு குழாய் கசிந்தால் ஈரத்துணி.
ஈரத்துணியை நெற்றியில் போடுவது
காய்ச்சல் இறங்கத்தானே?
பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவும் அதே ஜாதி,
குடிக்கத் தெரிந்த பொருள்.
தெர்மாக்கோலை எலி பொரியாக உதிர்த்துவிடும்,
கோழிக் கொட்டகையில் கண்டது.
கண்ணாடிப் பஞ்சைத் தொட்டுப் பார்த்த பிட்டர் ரங்கராசு
பொழுது சாயும்வரை முழங்கையைச் சொறிந்தார்.

அவிநாசி ரோட்டுக் கடையில் திருமூர்த்தி
நுரையடிக்கும் துப்பாக்கியைக் காட்டினான்.
"முழுசா அடிச்சுட்டா சொட்டுச் சூடு போகாதுங்க்கா."
"மோட்டார் போச்சுன்னா?"
கொஞ்சம் யோசித்தான்.
"நொரையை வெட்டித்தானுங் எடுக்கோணும்."

பத்து வருசம் நாள்குஞ்சு இறக்கியவள் நான்.
மேலே பல்பு எரிந்தாலும்
கீழே தரை உறிஞ்சினால் குஞ்சு விறைக்கும்.
அதனால் அடிக்குத்தான் முதலில்:
சிமெண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே
ஏறி நின்றாலும் அமுங்காத இரண்டங்குல நுரைப்பலகை.
பிறகு மூன்று பக்கம்.
மோட்டார்ப் பக்கம் மட்டும்
நாலு திருகில் கழன்று வரும் கதவு.

அப்புறமும்
மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது.

ஆனி பிறந்தது.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்தது.
கேத்தனூர் முழுக்க காற்றாலைகள்,
கொடியில் காயும் வேட்டியைக் கிழிக்கிற காற்று.
அது சுற்றித் தந்த கரண்டில்
நான் தண்ணீரைச் சுடவைக்கிறேன்.
அதுவே வேலி தாண்டி வந்து
ஆவியை அள்ளிக்கொண்டு
காங்கேயம் பக்கம் போகிறது.
கொடுத்தவனே வந்து தூக்கிக்கொண்டு போனால்
யாரிடம் போய் ரசீது கேட்பது?

பக்கமெல்லாம் பார்த்தவள்
மேலே பார்க்கவில்லை.

பிறகு மேற்கே நெஞ்சுயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர்.
தண்ணீர்மேல் மிதக்க ஒரு குமிழித்தாள்.
அதற்கும் மேல் மூடி:
உள்ளே நாலங்குல நுரை,
வெளியே கொட்டகைக்கு வாங்கி மீந்த தார்ப்பாய்,
ஓரம் முழுக்க ரங்கராசு ஒட்டிய ரப்பர் பட்டை.
(முதல் பட்டை கோணல். பிடுங்கி மறுபடி ஒட்டினார்.)

ராத்திரி எட்டரைக்கு ஹீட்டரை அணைத்து மூடினோம்.
விடிகாலை ஆறுக்கு
குஞ்சுக் கொட்டகைத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு டிகிரி குறைச்சல்.
நம்பாமல் இன்னொரு தடவை விட்டேன்.

இப்போது இவர் உள்ளே.
மூடியைப் பாதி இழுத்துவிடச் சொல்கிறார்,
தலை மட்டும் வெளியே,
சந்தைக்குப் போகும் சாக்கிலிருந்து
சேவல் எட்டிப் பார்ப்பதுபோல.
நான் மீட்டர் பெட்டி முன்னால்,
ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று...

"அங்க என்ன எண்ணீட்டிருக்கறே?"
சுவர் அதிரக் கேட்கிறார்.

விட்டுப்போச்சு.
மறுபடியும் ஒன்றிலிருந்து.