சுமைகூலி

கடிதம் ஒன்பது நாளாய் மேசைமேல் கிடக்கிறது.
காப்பிக் கோப்பை பதித்த வட்டத்துக்குள்
அளந்து வைத்தாற்போல் விழுந்திருக்கிறது தொகை:
நூற்று அறுபத்தொன்பது டாலர். வரி தனி.

முதன்மை உறுப்பினர்: ஓரெஸ்ட்.
இணை உறுப்பினர்: மிர்னா. அது நான்.

ஓரெஸ்ட் கெலோனா போய்
இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது.
கண்ணை மூடிக்கொண்டு டயர் மாற்றுகிறவன்
இந்த அட்டையை வாங்கினான்.
உனக்காகத்தான் என்றான்.
அன்றே யோசித்திருக்க வேண்டும்.

மின்கட்டணச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஆறு வருடம், மூன்று அழைப்பு.
ஒன்று, சாவியை உள்ளே வைத்துப் பூட்டியது;
ஜூலை வெயில், கூட்டுறவுக் கடை வாசல்,
பின்சீட்டில் வாங்கிய கோழி
தானாகவே வெந்துகொண்டிருந்தது.
இன்னொன்று, மைனஸ் முப்பத்தெட்டில் செத்த பேட்டரி.
வகுத்தால்
அழைப்புக்கு முந்நூற்று முப்பத்தெட்டு.
என் பியூயிக்கைப் பழைய இரும்புக்குப் போட்டால்
நானூறு தருவார்கள், நல்ல நாளில்.
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

கடிதத்தைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனேன்.

மூன்றாவது அழைப்பு போன நவம்பரில்.
மூன்று பண்ணைவீடுகளில் மூன்று பேரைக்
குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து,
படுக்கவைத்துவிட்டுத் திரும்பும் இரவு.
முகப்பு விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி,
இல்லாமலே போயிற்று.
போனில் ஒரு பெண்குரல் கேட்டது:
பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?

என்ன சொல்வது.
நாலு பக்கமும் அறுத்துப்போட்ட கனோலா வயல்.
பக்கத்துச் சந்திப்பு எது என்றாள்.
சந்திப்பு இல்லை, மூடிப்போன தானியக் கிடங்கு இருக்கிறது என்றேன்.
அதற்கு முகவரி கேட்டாள்.

நாலு மணி நேரம் என்றார்கள்;
ரெனே பெல்கார்ட் மூன்றில் வந்தான்.
வண்டிக்குள் சூரியகாந்தி விதை வாசனை,
என் இடத்தை விட்டுத்தராத ஒரு நாய்.
சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டே சொன்னான்:
இந்த ஓட்டத்துக்கு அவர்கள் எனக்குத் தருவது
ஐம்பத்திரண்டு டாலர். டீசலுக்கே பத்தாது.
அட்டையை விடு, என் நம்பரை வைத்துக்கொள்,
நூற்றிருபது ரொக்கமாய்க் கொடு,
எந்த ராத்திரியும் வருகிறேன்.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
அது நல்ல கணக்கு. இன்றைக்கும் நல்ல கணக்குத்தான்.

ஆனால் நேற்று தபாலகத்துக்கு எதிரே
ரெனேயின் வண்டி நின்றது,
கண்ணாடியில் விற்பனைக்கு என்ற அட்டையோடு.
இடுப்பெலும்பு, என்றான். ஏப்ரலில் அறுவை.
அப்புறம் யார் வருவார்கள்?
யார்க்டனிலிருந்து யாராவது, என்றான்,
நூற்றுப்பத்து கிலோமீட்டர், அவர்களுக்கு உன் கிடங்கு தெரியாது.

வீட்டுக்கு வந்து சங்கத்துக்கே போன் போட்டேன்.
இணை உறுப்பினர் தனியாய்ப் புதுப்பிக்க முடியாதாம்;
முதன்மை உறுப்பினரின் சம்மதம் வேண்டுமாம்.
சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.
பொறுமையாய்க் காத்திருந்தாள் அந்தப் பெண்.
பிறகு சொன்னாள்: உங்கள் பெயரிலேயே புதிதாய்ச் சேரலாம்,
நூற்றிருபத்தொன்று.
சாதாரணத் திட்டத்தில் ஐந்து கிலோமீட்டர்தான் இழுப்போம்.
என் பக்கத்து மெக்கானிக் அறுபத்துமூன்றில் இருக்கிறார் என்றேன்.
அப்படியானால் பெரிய திட்டம், என்றாள்,
நூற்று அறுபத்தொன்பது.

சுற்றிச் சுற்றி அதே வட்டம், அதே காப்பிக் கறை.

கட்டிவிட்டேன்.
எந்தப் பெருக்கலும் அதை நியாயப்படுத்தவில்லை.
முதன்மை உறுப்பினர் என்ற இடத்தில்
பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்;
ஒவ்வொரு எழுத்தாய், அவசரப்படாமல், சொன்னேன்.

முதல் ஏழு நாள் இழுவை கிடையாது,
ஜாக்கிரதையாய் ஓட்டுங்கள் என்று வைத்தாள்.

இன்று மூன்றாம் நாள்.
பின்சீட்டில் மண்வாரி, போர்வை,
ஒரு டப்பாவில் மெழுகுவத்தி.
அறுநூற்று நாற்பதாம் சாலையில்
பியூயிக் லேசாய் இருமுகிறது.
ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.