மலைப்பக்கம்

பாலித் தீவின் தென்கரையில்
கஜா என்றால் வடக்கு.
வடகரையில்
கஜா என்றால் தெற்கு.
பிழையில்லை.
அந்தச் சொல்லுக்குள் இருப்பது வடக்கும் இல்லை தெற்கும் இல்லை,
நடுத்தீவில் நிற்கும் மலை.
கெலோட் என்றால் கடல்,
எந்தப் பக்கம் அலையடிக்கிறதோ அந்தப் பக்கம்.

சுகெர்த்தி தெற்கத்திக்காரி.
தபானன் வயல்களிலிருந்து
வடகரைத் தெஜாகுலாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்,
ஒரு தகரப்பெட்டியும்
இருபத்துமூன்று வருடத்து வடக்குமாக.

முதல் நாள் அடுப்படியில் ஓரகத்தி ஸ்ரீஆசி சொன்னாள்:
"உப்புச் சாடியைக் கொஞ்சம் கஜாவுக்குத் தள்ளு."
தள்ளினாள்.
மேடை முடிந்த இடத்தில் சாடி முடிந்தது.
காலடியெல்லாம் உப்பு.

இடது வலது என்று அங்கே யாரும் அதிகம் சொல்வதில்லை.
தட்டுக்கும் திசை, விளக்குமாற்றுக்கும் திசை,
மோவாயில் ஒட்டிய சோற்றுப் பருக்கைக்கும் திசை.
"கெலோட் கன்னத்தைத் துடை" என்பாள் ஸ்ரீஆசி.
இவள் மறு கன்னத்தைத் துடைப்பாள்.
கொழுந்தன் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து
பாயில் உருளும், கஜாவுக்கும் கெலோட்டுக்கும்.

இரவில் மலைப்பக்கம் தலை வைக்க வேண்டும்.
(வடக்கே தலை வைக்காதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு
இதை எழுதும்போதே கழுத்து வலிக்கிறது.)
பழக்கத்தில் வடக்கே தலைவைத்துக் கிடந்தாள் சுகெர்த்தி.
தெற்கே தலைவைத்துக் கிடந்தான் மெர்தயாசா.
புதுமணத் தம்பதி,
ஒருவர் தலைமாடு மற்றவர் கால்மாடு.
மூன்றாம் இரவு
அவள்தான் எழுந்து தலையணையைத் திருப்பினாள்.
அதற்குத் திசை மட்டும் காரணமில்லை.

செல்போனில் திசைகாட்டி வைத்திருந்தான் அவன்.
ஒருநாள் கடற்கரையில் காட்டினான்:
"பார், வடக்கு."
முள் கடலைக் காட்டி நின்றது.
"இந்த முள்ளு மலையைப் பாத்ததே இல்ல" என்றாள்.

நானும் யோசித்துப் பார்க்கிறேன்.
கிழக்கில் கீழ் இருக்கிறது, மேற்கில் மேல்.
எங்கள் ஆட்களும்
நிலம் சரிகிற பக்கம் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.
மலையைத் தாண்டி மறுபுறம் குடியிருப்பவர்களுக்கு
கிழக்குதான் உயரம்.
ஆனாலும் அவர்கள் அதைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள்.
சொல் நின்றுவிட்டது, நிலம் புரண்டுகொண்டது.
பாலிக்காரர்கள் நிலத்தோடு சேர்த்துச் சொல்லையும் புரட்டினார்கள்.
எது கெட்டிக்காரத்தனம் என்று
எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் தங்கை ரஸ்மினி கூப்பிட்டாள்.
அப்பா போய்விட்டார்.
நாற்பத்திரண்டு நாள் கழியாமல்
பிள்ளைபெற்றவள் சடங்குக்குள் வரக் கூடாது.
"எரிச்சாச்சு.
சாம்பலைக் கெலோட்டுக்குக் கொண்டுபோறோம்" என்றாள் ரஸ்மினி.
பின்னால் மணிச்சத்தம், யாரோ குடை கேட்கும் சத்தம்,
பிறகு கோபுரம் கிடைக்காத போனின் இரைச்சல்.

பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.
கால் முதலில் தெற்கே திரும்பியது.
மலைக்கு அந்தப்புறம்தானே அப்பாவின் கடல்.
மலை மேகத்துக்குள் இருந்தது.
கெலோட், கெலோட் என்று
வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.
அந்தச் சொல் தோளைப் பிடித்து
அவளை வடக்கே திருப்பியது:
கறுப்பு மணல், கட்டிக்கிடக்கும் படகுகள்,
தண்ணீர்.

அக்காளும் தங்கையும்
மலையை நடுவில் வைத்து
முதுகோடு முதுகாக நின்றார்கள்,
ஒரே திசையைப் பார்த்து.

உள்ளே பிள்ளை அழுதது.
ஸ்ரீஆசி அழவில்லை என்பதைக் காட்ட
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"சாடி விளிம்புல இருக்கு, கஜாவுக்குத் தள்ளு."
தள்ளினாள்,
யோசிக்காமல்,
ரஸ்மினி இருக்கும் பக்கம்.
மூடியில் ஓர் எறும்பு.
அதையும் தட்டிவிட்டாள்.
அது எந்தப் பக்கம் விழுந்ததென்று
யாரும் சொல்லவில்லை.