செவ்வாய்க்கு உள்ளது

ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் வெள்ளை பிளாஸ்திரி.
அதில் அத்தையின் கோணல் எழுத்து:
செவ்வாய்.

எனக்கு நைட் டியூட்டி வரும் நாள்களுக்கு
இப்படித்தான் கறி எடுத்து வைப்பாள்.
தேதி போடமாட்டாள்.
கிழமை போதும் அவளுக்கு.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு
கோயிலுக்குப் புறப்பட்டு
செருப்பு மாட்டக் குனிந்தவள்
நிமிரவில்லை.

ஏழு மாதம் ஃப்ரீசரில் கிடந்தது அந்த உள்ளித்தீயல்.
சாளை வாங்கினால் அதைச் சுற்றி அடுக்குவோம்.
வில்பிரெட் அந்தத் தட்டில் கையே வைக்கமாட்டார்.
"அது கெட்டுப்போவாதா அம்மா?"
அஜிஷா ஒரு தடவை கேட்டாள்.
இறால் பாக்கெட்டைத் தேடுவதுபோல்
நான் உள்ளே தலையை விட்டுக்கொண்டேன்.

வியாழன் ராத்திரி அடித்த காற்றில்
கருங்கல் ரோடு முழுக்க ரப்பர் மரம்.
எங்கள் வாசலில் அயனிமரம்
கம்பியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது.
வெள்ளி போனது. சனியும் பாதி போனது.
அடுக்களைத் தரையில்
பழைய முண்டை விரித்துப் பிழிந்து விரித்து
சாயங்காலம் டப்பாவை எடுத்தேன்.
அடியில் மட்டும் ஐஸ்.

கொட்டணும். இல்லை, தின்னணும்.
"சூடாக்கு" என்றார் வில்பிரெட்.

காற்று பிடுங்கிப்போட்ட மூட்டிலிருந்து
மரச்சீனிக்கிழங்கு எடுத்து அவித்தேன்.
தீயல் கொதித்தது.
தேங்காய் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால்
அவள் சட்டியை இறக்குகிற அந்த மணம்.
மழை பார்க்கிறவர்போல்
வில்பிரெட் எழுந்து வெளியே போனார்.
திரும்பி வந்தபோது பின்னால் மூன்றுபேர்,
மரம் வெட்டிக் கம்பி இழுக்கத்
தருமபுரியிலிருந்து வந்த லைன்மேன்கள்.
"இவங்களும் தின்னட்டு."

பக்கத்துவீட்டு லீலாபாய்
ஏழு முட்டையைப் பொரித்துக்கொண்டு
கேட்காமலே வந்து உட்கார்ந்தாள்.
ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது.

வாயில் வைத்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.
யாரும் பேசவில்லை.

நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது இது:
"உப்பு ரெண்டு தடவை போடுதீங்க அத்தே,
ஓர்மை இல்லையா?"
அவள் பதில் சொல்லவில்லை.
உப்பு கிள்ளும் மூன்று விரலை
விரித்துப் பார்த்தாள்.

லைன்மேன்களில் சின்னவன் கதிரவன்
தட்டை வழித்தபடி சொன்னான்:
"ருசியா இருக்குங்கக்கா.
உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

மெழுகுவர்த்தி எரிகிற சத்தம் கேட்டது.

முதலில் அஜிஷா சிரித்தாள்,
மூக்கில் காரம் ஏற.
வில்பிரெட்டும் சிரித்தார்.
பாதியில் அது வேறொன்றாகி
தோள் குலுங்கியது.
அவர் முதுகில் நான் கைவைத்தேன்,
எச்சில் கையென்றும் பாராமல்.
"கிழங்கு கூட்டித் தின்னு மக்கா" என்று
லீலாபாய் கதிரவன் தட்டில் அள்ளிப்போட்டாள்,
"சரியாப்போவும்."

சரியாகப் போனது.

ராத்திரி வேலைக்குக் கம்பத்தடியில் பசிக்குமே என்று
மீந்த கிழங்கை
அதே டப்பாவில் அடைத்தேன்.
"டப்பா திருப்பித் தரணுமாக்கா?"
"வேண்டாம்."
பிளாஸ்திரியை உரித்தேன். பாதிதான் வந்தது.
'செவ்' என் விரலில் ஒட்டிக்கொள்ள
'வாய்' மூடியிலேயே இருந்து
அவர்களோடு ஜீப்பில் ஏறிப் போனது.

பதினொன்றரைக்குக் கறண்டு வந்தது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி முனகத் தொடங்கியது.
யாரும் எழுந்து போகவில்லை.
லீலாபாய் தன் மாப்பிள்ளை கேரளத்தில்
லாரியைக் குளத்துக்குள் விட்ட கதையை
இன்னும் முடிக்கவில்லை.
அஜிஷா அப்பாவின் மடியில் காலைப் போட்டிருந்தாள்.
டியூட்டிக்கு வரவில்லை என்று
நான் சும்மா லீவு சொன்னது
அன்றைக்குத்தான் முதல் தடவை.

தேதி ஓர்மையில்லை.
சனிக்கிழமை.