மேல் மூடி முதலில்

எண்ணெய் முழுக்க வடிந்த பிறகுதான் கண்டேன்
மேல் மூடி அசையவில்லை.

வெள்ளவத்தை. இரவு பதினொன்று.
அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
பிரித்த அட்டைப்பெட்டி மேல் மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே
எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பஜேரோவின் வயிறு.
பக்கத்தில் பால்மா டின் நிறையக் கறுப்பு,
கூழ்முட்டை மணம்.
டோர்ச் பட்டால் மீன்செதில் மினுக்கம்.
உள்ளே எங்கோ பற்கள் தேய்ந்த பொடி அது.
ஏன் தேய்ந்தன என்று இன்னும் தெரியாது.

ஊற்றும் வாய் மேலே, வடிக்கும் வாய் கீழே.
மேலது திறக்குமா என்று பாராமல்
கீழதைத் தொடாதே.
இவ்வளவுதான் விதி.
பிறர் கணக்கில் பிழை பிடித்துச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.

விற்றவர் குலேந்திரன், எங்கள் அலுவலகம்.
டீசல் வரிசையில் மூன்று இரவு தூங்கி
நான்காம் நாள் மெல்பேர்னுக்கு விண்ணப்பித்தவர்.
சாவியோடு தந்த ஒரே தகவல்:
"சின்னக் கம்பியை விட்டிடுங்கோ, அது இறுகிப்போச்சு."
அந்தச் சின்னக் கம்பிக்காகத்தான்
வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை.

நாலு சக்கரமும் இழுத்து
காலி வீதியில் எங்கேயடி போகப்போகிறாய்
என்று கேட்டாள் ஷிரோமி.
பம்பலப்பிட்டிக்கே நாற்பது நிமிடம் ஊரும் நகரம்.
நியாயமான கேள்வி.
தேநீரைக் குடித்து முடித்தேன்.

பஞ்சிகாவத்தையில்
ரேடியேட்டர்கள் வாழைக்குலையாய்த் தொங்கும் கடையில்
ரிஸ்மின் ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல்,
"ஆருக்கு, பாஸுக்கா?"
எனக்கு.
அப்போதுதான் நிமிர்ந்தான்.
"அப்பிடியெண்டா ஆறு மூலை சொக்கட் தாரன்.
பன்னெண்டு மூலை போட்டா
நட்டுக்கு மொட்டை அடிச்சிடும்."

இரண்டு இரவு.
துரு கரைக்கும் திரவம், உருக்கிய மெழுகு,
ஒரு கெட்ட வார்த்தை, பிறகு பல.
திரைச்சீலைக் கம்பியைப் பிடியில் செருகினேன், வளைந்தது.
காவலாளி ஜயதிஸ்ஸ மொட்டைமாடிக்குப் போய்
இரும்புத் தண்ணீர்க்குழாய்த் துண்டொன்றை
என் காலடியில் வைத்துவிட்டு
கிரிக்கெட் கேட்கத் திரும்பிவிட்டார்.

மூன்றாம் இரவு, டக்.
மணிக்கட்டு என்றுதான் நினைத்தேன்.
மூடி.

நிரம்பியதைக் காட்ட முள் இல்லை, கோடு இல்லை.
வாய்வரை வந்து வழியும், அதுதான் அளவு.
அதுவரை பம்பை அழுத்திக்கொண்டே கிட.
முழங்கை வழியே இறங்கிக் காதுக்குள் போனபோது
சிரித்துவிட்டேன்.
அதனால் வாய்க்குள்ளும் கொஞ்சம்.

ஞாயிறு, மழை விட்ட காலை.
கிருலப்பனைக் கால்வாய்க்கரையில் ஒரு வெற்றுக்காணி.
சின்னக் கம்பி முதலில் மறுத்தது.
ஒரு முழம் பின்னால் எடுத்து மறுபடி தள்ள
வெண்ணெய்க்குள் கத்திபோல் போனது.
பச்சை விளக்கு.
கணுக்கால் சேற்றில் முன்சக்கரங்கள்
யாரோ கைபிடித்து இழுப்பதுபோல் இழுத்தன.
அங்கேயே நாலு சுற்று. ஒரு நாய் பார்த்தது.

மகிழ்ச்சியில் கம்பியை எடுக்க மறந்து
தார் வீதியில் ஏறித் திருப்பினேன்.
வண்டி விக்கியது. ரயர் அழுதது.
வளைவில் ஒவ்வொரு சக்கரத்துக்கும்
ஒவ்வொரு தூரம் இருக்கிறது.
எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பூட்டினால்
ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.
சேறு வழுக்கி மன்னிக்கும். தார் மன்னிக்காது.

குலேந்திரனின் மினுக்கம் புரிந்தது.
எத்தனை வருடம் இப்படியே
அலுவலகம் வந்து போனாரோ மனிதர்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
பேனா தேடிக் கைப்பைக்குள் விட்ட விரலில்
ஒரு செப்பு வொஷர்.
மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று,
இரண்டும் போட்ட ஞாபகம்.
ரிஸ்மின் மூன்று தந்தானா?
முதலாளி என் அறிக்கையைக் கேட்கிறார்.
மேசைக்கடியில் அதை விரலில் மாட்டிச் சுழற்றுகிறேன்.
வரும்போது நிறுத்திய இடத்தில்
நிலம் காய்ந்திருந்ததா,
பார்த்தேனா?