கழிவு

சாவியைப் பால்காரரிடம் கொடுத்துவிட்டு
விடியுமுன் காட்பாடிக்கு ஆட்டோ பிடித்திருந்தார்கள்.
மாடியைத் திறந்தேன்.
முதலில் வந்து வரவேற்றது கடுகெண்ணெய்.

ஒன்பது மாதம் மீன் பொரித்த சுவர்
அடுப்புக்கு மேலே மஞ்சளாய் வியர்த்து நின்றது.
சிங்க்கில் ஊறிய சோறு.
ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு, அதில் ஒற்றைச் சாக்ஸ்.
மூலையில் காலி மாத்திரை அட்டைகள்,
கால் பட்டால் எலி ஓடுவதுபோல் சலசலப்பு.
குளியலறைச் சல்லடையை நெம்பினால்
முடி, முடி, இன்னும் முடி,
ஒரு பூனைக்குட்டி அளவுக்கு.
கக்கூஸைப் பற்றி எழுதமாட்டேன்.

இந்த மாடி என் ஆறு வளையல்.
கொசப்பேட்டை சொசைட்டியில் இன்னும் முப்பத்தொரு தவணை.
அதனால் திட்டினேன்.
வெறும் அறையில் திட்டினால்
சொல்லுக்குச் சொல் திரும்பி வருகிறது,
நம்மையே யாரோ காலி செய்யச் சொல்வதுபோல்.

"ஆஸ்பத்திரி கேஸுக்கு விடாதேன்னு சொன்னேனே"
என்றாள் எதிர்வீட்டு கஜலட்சுமி.
அவள் காலேஜ் பையன்களுக்குத்தான் விடுவாள்.
போகும்போது அவர்கள் அடுக்கிவைத்த பாட்டில்களைப்
பழைய கடையில் போட்டு ஒரு குக்கர் வாங்கினாள்.

கடன் நோட்டின் பின்பக்கம் கழிவு என்று தலைப்பிட்டேன்.
வெள்ளையடிக்க நாலாயிரத்து ஐந்நூறு.
கரண்ட் பாக்கி ஆயிரத்து நூற்று முப்பது.
வளைந்த ஃபேன் இறக்கை அறுநூற்று ஐம்பது.
குழாய் இருநூற்று எண்பது.
ஆசிட், பிளீச்சிங், இரண்டு துடைப்பம் முந்நூற்றுத் தொண்ணூறு.
ஆணி ஒன்றுக்கு இருபது, பதினேழு ஆணி.
இரண்டு நாள் குனிந்த என் இடுப்புக்கு ஆயிரத்து இருநூறு:
போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன்.
முன்பணம் பத்தாயிரத்தில்
மீதி ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து.

"கதவுக்குப் பின்னாடி ஏதோ எழுதியிருக்காங்கக்கா,
சுரண்டவா?" என்றார் பெயின்டர் முனிரத்தினம்.
பென்சில். வங்காள எண்கள்.
மேலிருந்து கீழே, கோணல்மாணலாய்.
"பால் கணக்கா இருக்கும்."

பால் கணக்கில்லை.
ஆஸ்பத்திரிக்கு எதிரில் என் ஜெராக்ஸ் கடை.
ஷெஃபாலியின் ரிப்போர்ட்டை வாரந்தோறும்
பக்கம் இரண்டு ரூபாய்க்கு நான்தான் நகலெடுத்தேன்.
நிமாய் எந்த வரியை முதலில் தேடுவான் என்று
எனக்குத் தெரியும்.

கடைசி எண்ணைப் பார்த்தேன்: எட்டு.
எட்டு பரவாயில்லை.
எட்டுக்கு ரயிலேறலாம், ஜன்னலோரம் உட்காரலாம்,
ஊர் போய்ச் சேர்ந்து
இந்த ராட்சசியைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லலாம்.
அடிச்சிருங்க என்றேன்.

முதல் கோட் காயும்போதுதான் நினைவு வந்தது.
வாடகை கொடுக்க வந்தபோது ஒருமுறை
ரசீதின் ஓரத்தில் எழுதிக் காட்டிச் சிரித்தான்:
"எங்க நாலு உங்க எட்டு மாதிரியே இருக்கும், தீதி."

வெள்ளைக்குக் கீழே போய்விட்டது எண்.
போன் ஸ்விட்ச் ஆஃப்.
மறுநாளும்.

ஆணிக் கணக்கை மட்டும் அடித்தேன்,
கொசுவலை கட்ட அடித்த ஆணிகள்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்தது என்று மெசேஜ் வந்தது,
பேங்கிலிருந்து.
இடுப்புக் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் தன்பாத்திலிருந்து ஒருவர்
அம்மாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு
மாடி பார்க்க வந்தார்.
மூன்று கோட் அடித்தும்
அடுப்புச் சுவரில் மஞ்சள் மறுபடி கசிந்திருந்தது.
இது என்ன என்பதுபோல் விரலால் தொட்டார்.

ஈரம் என்றேன்.
வேலூரில், மே மாதத்தில், ஈரம்.

அவர் விரலை மோந்து பார்த்தார்.