பின்னால் வருபவரின் வாய்

அதிகாலை மூன்றரை. ஷெட்டில் இரண்டு நிற்கின்றன.
தகரக் கூரையில் மழை
நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிறது.

சிவப்பு, கார்பன், ஏழரைக் கிலோ.
இரண்டே விரலால் தூக்கலாம்.
தூக்கிக் காட்டிக் காட்டியே
லானிட்லோஸில் பாதிப் பேரை அலுக்கவைத்தேன்.
டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு பஸ் டிக்கெட் நுழையாது.

பச்சை, எஃகு, பதினான்கு கிலோ.
மேட்டில் ஒவ்வொரு கிலோவும்
பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்.
பருத்த டயர், முன்சக்கரத்தில் டைனமோ,
முன்னும் பின்னும் நீள மட்கார்டு.

பத்து மணிக்குச் சிவப்பைப் பார்க்க ஆள் வருகிறது.
விலையைக் குறைக்காதே என்று மெய்ரிக்குக்கு எழுதி
கெட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
மழைக்கு ஆகுமா என்று கேட்டால்
பொய் சொல்லாதே என்றும்.

நான் வாங்கிய அன்று கடைக்காரர் நிறையக் கேட்டார்:
கால் நீளம், கை நீளம், கையிருப்பு,
மலை ஏறுவீர்களா, யாரையாவது முந்தவேண்டுமா.
பின்னால் யார் வருவார் என்று கேட்கவில்லை.

போன ஏப்ரலில் இட்வால் வந்தான்.
பால் டேங்கர் ஓட்டுகிறவன்.
ராயடரில் அவன் முழங்கால் மக்கர் செய்தது.
அங்கிருந்து கடல்வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர்,
முழுக்க எதிர்க்காற்று, முழுக்க அடைமழை.
விலகிப்போய்க் காற்றை வாங்கலாம்,
இல்லை, என் பின்சக்கரத்தை ஒட்டி வந்து
அது வாரி இறைப்பதைக் குடிக்கலாம்.
குடித்தான்.

நான் திரும்பவில்லை. வேகம் நன்றாக இருந்தது.
ஈர ரிம்மில் பிரேக் யோசித்துவிட்டுப் பிடித்தது.
எனக்கு அந்தக் கவலை.

அபெரிஸ்ட்வித் பெட்ரோல் பங்கில்
அட்டைக்கு முத்திரை வாங்கியபின்
குழாயடியில் வாய் கொப்பளித்தான்.
கறுப்பாகத் துப்பினான். பிறகு இன்னும் கறுப்பாக.
கண்ணை விட்டால் முகம் முழுக்க ரோடு.
"ராயடர் மண்ணில் உப்புக் கம்மி," என்றான்.
"புழுக்கை மட்டும் தாராளம்."
சிரித்தபோது பல்லிடுக்கில் மணல் நெரிந்தது
எனக்குக் கேட்டது.

ஜூனில் அவன் முழங்காலில் கத்தி வைத்தார்கள்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஒரு தபால் உறை:
பால் கேனில் வெட்டிய நாக்கு ஒன்று, உள்ளங்கை அகலம்,
இரண்டு ஓட்டை, இரண்டு போல்ட்,
ஓரத்தில் ஏதோ அச்சு. நான் படிக்கவில்லை.
மட்கார்டின் வால்முனையில் மாட்டுவது.
மாட்ட மட்கார்டு இல்லை.
மட்கார்டு மாட்ட இடம் இல்லை.
ஒரு பிளாஸ்டிக் நாக்குக்காக சைக்கிளா என்று
மெய்ரிக் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஷூவுக்குள் ரொட்டி உறை,
தோல் சீட்டுக்குக் குளியல் தொப்பி.
பச்சையை வெளியே தள்ளினேன்.

விடியுமுன் தூறல். அணைக்கட்டுப் பக்கம் சாரல்.
அதற்குமேல் மலையில் பெய்ததற்குப் பெயர் வைக்க
ஆடுகளுக்கும் நேரமில்லை.
எங்கிருந்தோ ஒரு விளக்கு
என் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.
ஏற்றத்தில் முந்திக்கொண்டு போகும் என்று நினைத்தேன்;
எனக்கு மூச்சு வாங்கியது, பதினான்கு கிலோ.
போகவில்லை. நாற்பது கிலோமீட்டர்
அந்த வெளிச்சம் அங்கேயே.

ட்ரெகாரன் டீக்கடையில்தான் பார்த்தேன்.
யாரோ ஒரு பெண்.
சூப் கிண்ணத்தை இரு கையாலும் பொத்திக்கொண்டு
முதல் பேச்சாகச் சொன்னாள்:
"உங்க பால் மார்ச் எட்டோடு கெட்டுப்போச்சு."

சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.
பல் வெள்ளையாக இருந்தது.