பக்கத்துக்கு எழுநூறு

பட்டத்தை அம்மா பொலித்தீனில் சுற்றி
அரிசி வாளியின் மூடிமேல் வைத்திருக்கிறாள்.
எங்கள் காம்பராவில் ஒழுகாத மூலை அது ஒன்றுதான்.
தமிழ், புவியியல், சிங்களம்.
இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு.
கீழ்ப்பிரிவா மேற்பிரிவா என்று யாரும் கேட்பதில்லை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில், கோயிலில், பஸ்ஸில்,
"எப்ப புள்ள வேல?"
பயனிலை இல்லாத வாக்கியம்.
திருத்தத் தோன்றும். சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

ஒரு வருடமும் நான்கு மாதமும்.
ஆசிரியர் நியமனம் வரும் என்றது வானொலி,
இப்போதைக்கு இல்லை என்றது அதே வானொலி.
என்னோடு படித்த திலகேஸ்வரி
கொழும்பில் பட்டதாரிகள் ஊர்வலத்துக்குப் போய்
கண்ணீர்ப்புகை குடித்து வந்தாள்.
வெள்ளவத்தைச் சேலைக் கடையில் ஆள் எடுக்கிறார்களாம்;
தங்க இடம், மூன்று நேரச் சாப்பாடு,
மாதத்தில் இரண்டு ஞாயிறு.
கட்டாரிலிருந்து சகாயநாதன் குரல் அனுப்பினான்:
"இங்க பட்டமெல்லாம் பாக்க மாட்டானுங்க."
ஆறுதலுக்குச் சொன்னானா, தெரியவில்லை.

பிறகு அந்தக் கடன் கம்பனி.
பண்டாரவளையில், பேக்கரிக்கு மேல்மாடி.
உள்ளே ஏசி ஓடியது; இந்தக் குளிரில் எதற்கென்று கேட்கவில்லை.
"உங்க தோட்டத்தில எல்லாரையும் தெரியுமா?"
தெரியும் சேர்.
"வீடு வீடா?"
லயம் லயமாகத் தெரியும்.
முப்பத்தெட்டாயிரம், வசூலுக்குக் கொமிஷன்,
ஓட்டத் தெரிந்தால் மோட்டார் சைக்கிள்.
பேராதனையில் நான் படித்ததெல்லாம் போக
அவர்களுக்கு வேண்டியிருந்தது
நான் பிறந்த இடம்.

முதல் நாள் கையில் தந்தது ஒரு பட்டியல்.
செவ்வாய்க் குழு, தவணை தவறியோர் பதினொருவர்.
நான்காவது பெயர் அம்மாவுடையது.
கடைசி வருட போடிங் காசு
எங்கிருந்து வந்தது என்று
அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.
ஹெல்மெட்டை மேசையில் வைத்தேன்.
பெரிய வீரமெல்லாம் இல்லை;
படியிறங்கும்போது முப்பத்தெட்டாயிரத்தை
இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

இப்போது
பிரதேச செயலகத்துக்கு எதிரே
ரம்ஸீன் நானாவின் போட்டோகொப்பிக் கடையில்
பாதி மேசை எனக்கு.
மொழிபெயர்ப்பு, பக்கத்துக்கு எழுநூறு.
பிறப்புச் சான்றிதழ்தான் அதிகம் வருகிறது.
சொன்னவர் தமிழில் சொல்ல
எழுதியவர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்.
கறுப்பாயி கபாயி ஆகியிருக்கிறாள்.
பெரியண்ணன், பிரியானன்.
ஐம்பது வருடம் அந்தப் பெயரை அறியாமலே வாழ்ந்தவர்
ஈபிஎஃப் காசு கேட்கப் போன அன்றுதான்
தான் வேறொரு ஆள் என்று தெரிந்துகொண்டார்.
உள்ளதை உள்ளபடி பெயர்ப்பேன் என்று
சத்தியம் செய்திருக்கிறேன்.
பிரியானன் என்றே எழுதி முத்திரை குத்துகிறேன்.
பெயரைப் பெயர்க்கலாம், திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.
திருத்துவதற்கு வேறு படிவம் இருக்கிறது;
அதை நிரப்பிக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை.
"ஒங்களுக்கு யாவாரம் சரிவராது தங்கச்சி"
என்கிறார் ரம்ஸீன் நானா, ஒவ்வொரு தடவையும்.

நல்ல நாளில் ஐந்து பக்கம்.
மழை நாளில் ஒன்று, அதுவும் நனைந்து வரும்.
பஸ்ஸுக்குப் போக, அம்மாவின் செவ்வாய்க்கிழமைக்குப் போக
மிஞ்சுவதைச் சம்பளம் என்று சொல்லக் கூச்சம்.
சமாளிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் ஒன்று தேடி
ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.
கிடைத்தவை எல்லாம்
கொஞ்சம் கூடின, அல்லது கொஞ்சம் குறைந்தன.

நேற்றிரவு அம்மா கேட்டாள்,
"நாளைக்கும் போவியா?"
போவேன்.
"தெனமுமா?"
ஞாயிறு இல்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு எழுந்து, வாளியைத் திறக்க வசதியாய்
பட்டத்தைத் தூக்கி என் கையில் தந்தாள்.
பார்சலுக்கென்று
இன்னொரு சுண்டு அளந்து போட்டாள்.